புதுக் கடையில் சாப்பிடப் போகிறீர்களா? கூட்டல் குறியைப் பாருங்கள்

சிங்கப்பூரில் ஒரு புதுச் சாப்பாட்டுக் கடை திறந்தால் நான் உடனே குடும்பத்தோடு போவதில்லை. வாரநாள் மதியம் தனியாகப் போய் சோறும் மீன் கறியும் சாப்பிட்டுப் பார்ப்பேன். அது தேறினால்தான் சனிக்கிழமை எல்லாரும்.

உட்காரும் முன், மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 10% சேவைக் கட்டணம், அதன் மேல் 9% பொருள் சேவை வரி. 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்ட பிரியாணிக்கு பில்லில் 23 வெள்ளி 98 காசு வரும். ஒரு கடையில் கேட்காமலே வைத்த வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும்கூட என்னிடம் காசு வாங்கினார்கள். வேண்டாம் என்றால் தொடுவதற்கு முன்பே எடுக்கச் சொல்லிவிடுங்கள்.

லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா போன்ற உணவங்காடிகளில் இந்தத் தொல்லை இல்லை, போட்ட விலைதான். மேசை பிடிக்க அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்தால் போதும். அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு (வவுச்சர்) மிச்சம் இருந்தால், அதை ஏற்கும் கடையா என்று ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, இதுவரை போகாத கடையில் செலவழியுங்கள். அப்புறம், சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் அது கட்டாயம்.