கிறிஸ்துமஸுக்கு மிஷனரிகளைச் சாப்பிட அழைக்கிறீர்களா? முதல்முறை அழைப்பவர்களுக்கு

மார்மன்கள் என்று வெளியில் அழைக்கப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், ஊழியத்துக்கு வந்திருக்கும் இளைஞர்களுக்கு டிசம்பரில் வீட்டில் விருந்து வைப்பது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சகஜம். சமையல் பெரிய விஷயமே இல்லை. சொதப்புவதெல்லாம் நேரத்தில்தான்.

1. நாளையும் ஆளையும் உறுதி செய்யுங்கள்

வார்டின் (உங்கள் பகுதிச் சபையின்) சாப்பாட்டு அட்டவணையில் பெயர் எழுதினால் மட்டும் போதாது. மிஷனரிகள் இருவர் இருவராகத்தான் இருப்பார்கள்; சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். நவம்பரில் நீங்கள் பேசிவைத்த எல்டருக்கு (ஆண் மிஷனரிக்கு) பதில் வேறொருவர் வந்து நிற்கலாம். அவருக்கு வேர்க்கடலை அலர்ஜியாக இருக்கலாம். முந்தின நாள் ஒரு மெசேஜ் அனுப்பி, யார் வருகிறார்கள், எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டுவிடுங்கள்.

எல்டர்கள் வருகிறார்கள், வீட்டில் பெண்கள் மட்டும்தான் என்றால், உள்ளே வரமாட்டார்கள். கணவர் வேலையிலிருந்து வர அரைமணி தாமதமானால், குளிரில் வாசலிலேயே நிற்பார்கள். பெரியவர்களில் ஓர் ஆண் வீட்டில் இருக்கும் நேரமாகச் சொல்லுங்கள். சிஸ்டர்கள் (பெண் மிஷனரிகள்) வந்தால் ஒரு பெண் இருக்க வேண்டும்.

இரவு 9 மணிக்குள் தங்குமிடம் திரும்புவது வழக்கம். ஆகவே மாலை 5:30க்கு அழையுங்கள், 6 மணிக்குப் பரிமாறுங்கள்.

2. என்ன குடிக்கக் கொடுப்பது

நம் கை பழக்கத்தில் காபிக்குப் போகும். வேண்டாம். 1833-இல் வந்த ‘ஞான வார்த்தை’ என்ற கட்டளைப்படி காபி, டீ, மது மூன்றும் கிடையாது. ரம் ஊற்றிய கேக், காபி சேர்த்த டிராமிசு இவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

பதிலுக்கு வாசெயில் என்ற சூடான மசாலா பழரசம்: ஆப்பிள் ஜூஸ் 2 லிட்டர், ஆரஞ்சு ஜூஸ் 2 கப், பட்டை 2 குச்சி, கிராம்பு 6. சிறுதீயில் 30 நிமிடம். தளதளவென்று கொதிக்கவிட்டால் கிராம்பு கசக்கும்.

3. ஃபியூனரல் பொட்டேட்டோஸ்

அவனில் வேகவைக்கும் உருளைக்கிழங்கு-சீஸ் பதார்த்தம். பெயரில்தான் சாவு, யூட்டாவில் இது இல்லாத விருந்து குறைவு. எட்டுப் பேருக்கு:

- துருவிய ஃப்ரோசன் உருளைக்கிழங்கு 900 கிராம்
- கிரீம் ஆஃப் சிக்கன் சூப் ஒரு டின் (300 கிராம்)
- சோர் கிரீம் 2 கப், துருவிய செடார் சீஸ் 2 கப்
- உருக்கிய வெண்ணெய் 100 கிராம், பொடியாக நறுக்கிய வெங்காயம் பாதி
- மேலே தூவ: கார்ன்ஃப்ளேக்ஸ் 2 கப், வெண்ணெய் 3 மேசைக்கரண்டி

உருளைக்கிழங்கை முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். உறைந்தபடியே போட்டால் ஓரம் காய்ந்துவிடும், நடு ஜில்லென்று இருக்கும், அடியில் தண்ணீர் நிற்கும். சூப்பிலும் சீஸிலும் உப்பு உண்டு. தனியாக உப்பே வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து 9×13 அங்குல பாத்திரத்தில் பரப்பி, வெண்ணெயில் பிரட்டிய கார்ன்ஃப்ளேக்ஸைத் தூவி, 175 டிகிரி செல்சியஸில் 45 முதல் 50 நிமிடம். மேல்பக்கம் சீக்கிரம் கருகினால் ஃபாயில் மூடுங்கள். ஓரங்களில் குமிழி வந்தால் வெந்துவிட்டது.

4. மேசையில்

கறுப்பு பேட்ஜில் இருக்கும் குடும்பப் பெயரோடு எல்டர், சிஸ்டர் என்று கூப்பிடுங்கள். யார் ஜெபம் செய்வது என்று வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்; எல்லோரும் கைகட்டிக் காத்திருப்பார்கள். அன்று இது அவர்களுக்கு இரண்டாவது, ஏன் மூன்றாவது விருந்தாகக்கூட இருக்கலாம். தட்டில் நீங்களே குவிக்காதீர்கள். மறுக்கக் கூச்சப்பட்டுத் தின்று தீர்ப்பார்கள்.

சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் வேதச் செய்தி சொல்வார்கள். டிவியை அணைத்துவிடுங்கள்.

5. வீட்டுக்குப் பேச

2019 பிப்ரவரிக்கு முன் வீட்டுக்கு போன் செய்ய கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும்தான். இப்போது வாரம்தோறும் பேசலாம். ஆனாலும் பண்டிகை நாளில் பேசாமல் இருக்க முடியுமா? வைஃபை பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுங்கள். இருவரும் ஒருவர் பார்வையில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதால், தனி அறைகள் தராமல் ஹாலின் இரு மூலைகளில் நாற்காலி போடுங்கள். மணிலாக்காரர் என்றால் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்: யூட்டாவில் 24 மாலை 5 மணி, அங்கே 25 காலை 8.

6. மீந்ததைக் கட்டிக் கொடுக்க

பலர் சைக்கிளில் வருவார்கள். திருப்பித் தர வேண்டாத, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கொடுங்கள். குழம்பு வகை வேண்டாம், பையில் கொட்டும்.