காட்டு எலி விந்தணுச் சோதனையில் சறுக்கும் இடங்கள்

காட்டில் பிடித்த எலியின் விந்தணுவைப் பார்க்கும்போது பலருக்கும் மனதில் இருப்பது ஆய்வகச் சுண்டெலிதான். பாதித் தவறுகள் அங்கேயே தொடங்கிவிடுகின்றன.

சுண்டெலி விந்தணுவின் தலை அரிவாள்போல வளைந்திருக்கும், நுனியில் ஒரு கொக்கி. வேறோர் இனத்தில் அது இல்லையென்றால் உடனே ‘குறைபாடு’ என்று குறித்துவிடாதீர்கள். ஆஸ்திரேலிய எலிகள் பலவற்றுக்கு மூன்று கொக்கிகள் உண்டு. பெருச்சாளிக்கோ ஒன்றுமே இல்லை. உருண்டைத் தலை, அதுவும் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. முடியற்ற மோல் எலி இன்னும் விசித்திரம்: சராசரியாகப் பத்தில் ஒரு விந்தணுகூட நீந்துவதில்லை, ஆனாலும் வளைக்குள் குட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அந்தந்த இனத்துக்கு எது இயல்பு என்று தெரிந்துகொள்ளாமல் ‘இத்தனை சதவீதம் குறைபாடு’ என்று கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது, கூட்டமாகக் கிடப்பதைக் கண்டதும் பைப்பெட்டால் கலக்கிப் பிரிப்பது. ஐரோப்பிய மர எலியின் விந்தணுக்கள் கொக்கியால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் சேர்ந்து நீந்துகின்றன. தனியாகப் போவதைவிட வேகமாகவும் போகின்றன. 2002இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. ‘கட்டி தட்டிவிட்டது’ என்று கலக்குபவர், பார்க்க வேண்டியதையே அழித்துவிடுகிறார். வேகமாக உறிஞ்சித் தள்ளினால் நீண்ட வால்கள் அறுந்தும் போகும். சரி, எல்லாக் கூட்டமும் அப்படியா? இல்லை. மொத்தமாக முன்னேறுகிறதா, இருந்த இடத்திலேயே துடிக்கிறதா என்று முதலில் கவனியுங்கள், அப்புறம் எண்ணலாம்.

மனித விந்தணுவின் நீளம் சுமார் 60 மைக்ரோமீட்டர். சுண்டெலியுடையது ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு. மனித மாதிரிக்கான 20 மைக்ரோமீட்டர் ஆழ ஸ்லைடில் அதை விட்டால் வாலை வீச இடம் போதாது. நன்றாக நீந்தக்கூடியதும் மந்தமாகத் தெரியும். 80 முதல் 100 மைக்ரோமீட்டர் ஆழம் வேண்டும். ஸ்லைடு குளிர்ந்திருந்தாலும் இதே கதைதான். நீச்சலை அளக்கும் கணினி மென்பொருளில் மனித விந்தணுவுக்கான அமைப்பை மாற்றாமல் ஓட்டுவதும் அடிக்கடி நடக்கிறது.

எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். விந்தகத்தை ஒட்டிய, விந்தணுக்கள் முதிரும் சுருள்குழாயான எபிடிடைமிஸின் தலைப்பகுதியில் இருப்பவை முதிராதவை, அவை சரியாக நீந்தாது. அந்தக் குழாயின் வால்பகுதியிலிருந்தே எடுக்க வேண்டும்.

பருவத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். குளிர்நாடுகளின் காட்டு எலிகள் பலவற்றில் பகல் குறுகும் காலத்தில் விந்தகம் சுருங்கி, விந்தணு உற்பத்தி குறைந்துவிடும், சிலவற்றில் நின்றே போகும். அப்போது பிடித்த ஆணை மலட்டுக் கணக்கில் சேர்க்காமல் இருக்க, பிடித்த தேதியையும் விந்தக எடையையும் எப்போதும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்.