அமுக்கினால் பிணைப்பு குறுகுமா? பளிங்குகள் குறித்துத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரையில் ஒரு பிடி மணலை அள்ளினால் வெண்மையாக மின்னுவது பெரும்பாலும் குவாட்ஸ், சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். வடக்கே புல்மோட்டையில் மணல் கறுத்துவிடும். அங்கே இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கோன் என்னும் கனிமங்கள். எல்லாம் ஒட்சிசனைக் கொண்ட பளிங்குகள், அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட திண்மங்கள். உயர் அமுக்கப் பாடத்தை இவற்றிலிருந்துதான் தொடங்குவேன். மாணவர்களின் முதல் தவறும் ஊர்மணத்தோடுதான் வரும்: “நம் துறைமுகம் ஆழமானதாயிற்றே சேர், அடியில் கிடக்கும் மணலின் அமைப்பு மாறியிருக்குமா?”

மாறாது. பத்து மீற்றர் நீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கத்தைத்தான் கூட்டும். 11 கிலோமீற்றர் ஆழமுள்ள மரியானா அகழியின் அடியில்கூட 0.11 கிகாபஸ்கால் அளவே. குவாட்ஸ், கோசைட் என்னும் வடிவத்துக்கு மாற 2 கிகாபஸ்காலுக்கு மேல் வேண்டும். அது 20,000 வளிமண்டலம்.

அடுத்த தவறு நல்ல மாணவர்களையும் வீழ்த்தும். “அமுக்கினால் எல்லாம் நெருங்கும், ஆகவே அணுக்களுக்கிடையிலான பிணைப்பு குறுகும்” என்று எழுதிவிடுவார்கள். அமைப்பு மாறாத வரை அது பெரும்பாலும் சரி. மாறும் இடத்தில் கதை தலைகீழ். குவாட்ஸில் ஒரு சிலிக்கனைச் சுற்றி நான்கு ஒட்சிசன்கள். இன்னும் உயர்ந்த அமுக்கத்தில் தோன்றும் ஸ்டிஷோவைட் என்னும் வடிவத்தில் ஆறு. சிலிக்கன்–ஒட்சிசன் தூரமோ 1.61 அங்ஸ்ரமிலிருந்து (ஓர் அங்ஸ்ரம் மீற்றரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) ஏறத்தாழ 1.78 ஆக நீளுகிறது! ஆனாலும் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.65 கிராமிலிருந்து 4.29 ஆகிறது. நால்வருக்கான மேசையில் அறுவர் உட்கார்ந்தால் ஒவ்வொருவரும் கதிரையைச் சற்றுப் பின்னே இழுக்கத்தான் வேண்டும். மண்டபத்தில் வெற்றிடம் குறைந்துவிடும். குவாட்ஸுக்குள் அப்படி வீணாகக் கிடந்த இடம் ஏராளம்.

அந்த ஸ்டிஷோவைட்டின் அமைப்பு வேறெங்கும் தேட வேண்டியதில்லை, புல்மோட்டை உரூற்றைலின் அமைப்பேதான். உரூற்றைலில் சிலிக்கனின் இடத்தில் உள்ள தைத்தேனியம் சாதாரண அமுக்கத்திலேயே ஆறு ஒட்சிசன்களோடு இருக்கிறது. சிலிக்கனுக்கு அதற்குப் பெரும் நெருக்குதல் வேண்டியிருக்கிறது. உடனே “அப்படியானால் உரூற்றைலே இறுதி வடிவம்” என்று முடிவு கட்டவும் வேண்டாம். அதையும் அமுக்கினால் மாறும். அதன் உயர் அமுக்க வடிவங்களுள் ஒன்றில் தைத்தேனியத்தைச் சுற்றி ஏழு ஒட்சிசன்கள்.

வெப்பத்தை மறப்பது சிறிய தவறாகத் தோன்றும். அமுக்கம் வழியைத் திறந்தாலும், அணுக்கள் இடம்மாறச் சூடு வேண்டும். அறை வெப்பநிலையில் குவாட்ஸை ஏறத்தாழ 25 கிகாபஸ்காலுக்கு மேல் நெருக்கினால், நாம் எதிர்பார்க்கும் ஒழுங்கான பளிங்குக்குப் பதிலாக ஒழுங்கு குலைந்த, கண்ணாடி போன்ற பொருள் உருவாகலாம்.

கடைசியாக, அமுக்கத்தை எடுத்ததும் பழைய வடிவம் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை. 1961-இல் ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்ட ஸ்டிஷோவைட், மறு ஆண்டே அரிசோனாவின் விண்கல் பள்ளத்தில் இயற்கையாகவே கண்டெடுக்கப்பட்டது. மோதலின் அமுக்கம் போய் எவ்வளவோ காலமாகியும் அது அப்படியே இருந்தது. இல்மனைற்று வேறு குணம். சூட்டோடு உயர் அமுக்கத்தில் பெரோவ்ஸ்கைட் என்னும் வேறோர் அணு அமைப்புக்கு மாறும் அது, அமுக்கம் தளர்ந்ததும் லிதியம் நியோபேற்று வகை என்னும் மூன்றாவது அமைப்பை எடுத்துக்கொள்ளும்: பழையதும் அல்ல, உள்ளே இருந்ததும் அல்ல. வெளியே எடுத்த துணுக்கைப் பார்த்து உள்ளே நடந்ததை எழுதியவர் ஏமாந்திருப்பார். அதனால்தான் இரண்டு வைர முனைகளுக்கிடையே மாதிரி நெருக்குண்டிருக்கும்போதே எக்ஸ்-கதிரைச் செலுத்தி அதன் அமைப்பைப் பார்க்கிறார்கள்.