ட்ரை-பிளை ஸ்டீல் பாத்திரம் வாங்குவது எப்படி: காந்தத்தோடு கடைக்குப் போனவனின் செய்முறை

எங்கள் வீட்டு நான்-ஸ்டிக் கடாயின் கறுப்புப் பூச்சு உருளைக்கிழங்கு வறுவலோடு சேர்ந்து தட்டுக்கு வந்த அன்று, இனி ஸ்டீல்தான் என்று முடிவு செய்தோம். பட்ஜெட் 6,000 ரூபாய். ஒரு சனிக்கிழமை மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை மூன்று வாரம் இழுத்தது. நடுவில் ஒரு செட்டை வாங்கி, வீட்டில் பிரித்துப் பார்த்து, மறுநாளே திருப்பிக் கொடுத்த கூத்தும் நடந்தது. ஸ்டீல் என்றால் என்ன, எவர்சில்வரும் அதுவும் ஒன்றா என்றெல்லாம் இங்கே ஆரம்பிக்கப் போவதில்லை. (ஒன்றுதான். ட்ரை-பிளை என்றால் இரண்டு ஸ்டீல் தகடுகளுக்கு நடுவே அலுமினியம், விவரம் படி 2-இல்.)

படி 1: ஒரு வாரம் உங்கள் அடுப்பைக் கவனியுங்கள்

கடைக்குப் போகும் முன் அடுப்பில் தினமும் எது ஏறுகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டில் நான்கு பேர். பாலும் டீயும் இரண்டு வேளை, ஒரு குழம்பு, ஒரு பொரியல், அவ்வளவுதான். சாதமும் பருப்பும் குக்கரில் போகின்றன. தோசைக்கு இரும்புக் கல் இருக்கிறது, அதை மாற்றும் எண்ணமே கிடையாது. ஸ்டீல் தவாவில் தோசை சுடலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், காசு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கணக்குப் பார்த்தால் எங்களுக்குத் தேவை மூன்றே பாத்திரம்: 24 செ.மீ. கடாய் ஒன்று, குழம்புக்கு 20 செ.மீ. தட்டை அடிப் பாத்திரம் ஒன்று, பாலுக்கு 16 செ.மீ. சாஸ்பான் ஒன்று. நான் முதலில் வாங்கித் திருப்பியது '7 பீஸ்' செட். அதில் மூடிகளையும் பீஸ் கணக்கில் சேர்த்திருந்தார்கள். மிச்சம் இருந்த ஃப்ரை பான் எங்கள் வீட்டில் எதற்கும் உதவாது. செட்டில் மூன்றும் நமக்கு வேண்டியதாகவே இருந்தால் விலை குறைவுதான், வாங்குங்கள். ஒன்று உதவாவிட்டாலும் தனித்தனியாக வாங்குவதே என் கட்சி.

படி 2: அடியைப் பாருங்கள், பக்கத்தையும் பாருங்கள்

கடையில் மூன்று ரகம் கிடைக்கும். ஒன்று, பாத்திரக்கடையில் எடை போட்டுத் தருகிற ஒற்றைத் தகடு. இரண்டாவது, அடியில் மட்டும் தடிமனான அலுமினியத் தட்டு வைத்து மூடிய சாண்ட்விச் பாட்டம். மூன்றாவது ட்ரை-பிளை, அதாவது இரண்டு ஸ்டீல் தகடுகளுக்கு நடுவே அலுமினியம், அடியில் தொடங்கி விளிம்பு வரைக்கும்.

ஸ்டீல் வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். ஒற்றைத் தகட்டில் தீ படும் வட்டம் மட்டும் கொதித்து, வெங்காயம் நடுவில் கருகி ஓரத்தில் பச்சையாக நிற்பது அதனால்தான். சாண்ட்விச் பாட்டம் ரசத்துக்கும் பாலுக்கும் போதும். ஆனால் கடாயில் தீ பக்கவாட்டிலும் ஏறும். அலுமினியத் தட்டு முடிகிற இடத்துக்கு மேலே வெறும் மெல்லிய ஸ்டீல்தான், அந்தக் கோட்டிலேயே வட்டமாக அடிப்பிடிக்கும். ஆகவே காசு கொஞ்சமாக இருந்தால் கடாயை மட்டும் ட்ரை-பிளையில் வாங்குங்கள், மற்றதைச் சாண்ட்விச்சில் சமாளிக்கலாம். தடிமன் 2.5 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது.

படி 3: காந்தம் (இங்கேதான் நான் விழுந்தேன்)

'காந்தம் ஒட்டினால் டூப்ளிகேட் ஸ்டீல்' என்று அப்பா காலத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். நல்ல கனமான ட்ரை-பிளை கடாய், வெளியே காந்தத்தை வைத்தால் 'டப்' என்று ஒட்டிக்கொண்டது. "என்னண்ணா இது, ஒட்டுதே" என்றேன். கடைக்காரர், "ஒட்டணும் சார், இல்லைன்னா இண்டக்‌ஷன்ல வேலை செய்யாது" என்றார். நான் நம்பவில்லை. ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டி, எங்குமே காந்தம் ஒட்டாத அந்த 7 பீஸ் செட்டை வேறு கடையில் வாங்கி வந்து, வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்தேன். அது பாத்திரம் இருப்பதாகவே ஒத்துக்கொள்ளாமல் கத்திக்கொண்டே இருந்தது.

விஷயம் இதுதான். உள்ளே சாப்பாடு படுகிற பக்கம் பெரும்பாலும் 304 ரகம். 18/8 என்று போட்டிருப்பதும் அதுதான், 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். இதில் காந்தம் ஒட்டாது. வெளித்தகடு 430 ரகம், நிக்கல் கிடையாது, காந்தம் ஒட்டும். இண்டக்‌ஷனுக்கு வேண்டியது அந்த வெளித்தகடு. அதனால் ட்ரை-பிளையில் வெளியே ஒட்டுவது குறையே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்துச் செய்கிற 201, 202 ரகங்களிலும் காந்தம் சாதாரணமாக ஒட்டாது. விலை குறைவு, உப்புக்கும் புளிக்கும் 304 அளவுக்குத் தாங்காது. ஆக, 304-ஐயும் 202-ஐயும் பிரித்துச் சொல்லக் காந்தத்தால் முடியாது. அப்பா சொன்ன சோதனை பாதிதான் சரி. காந்தத்தை இண்டக்‌ஷனுக்காகக் கொண்டு போங்கள், தரத்துக்குப் பெட்டியைப் படியுங்கள்: உள்தகடு 304 அல்லது 18/8 என்று எழுத்தில் இருக்க வேண்டும். வெறும் 'ஃபுட் கிரேட்' என்று மட்டும் போட்டிருந்தால் நான் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தேடுங்கள். ஸ்டீல் பாத்திரங்களுக்கு அதைக் கட்டாயமாக்கி 2024 மார்ச்சில் மத்திய அரசு உத்தரவு போட்டது, தர எண் ஐ.எஸ். 14756.

படி 4: லிட்டர், அடிவட்டம், கைப்பிடி

பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் விளிம்பு வரை தளும்ப ஊற்றினால் வருகிற அளவு. அதில் மூன்றில் இரண்டு பங்குதான் நமக்கு. கடாய்க்குச் சொல்லும் செ.மீ. வாயின் அகலம், அடிவட்டம் அதைவிட மிகச் சின்னது. இண்டக்‌ஷன்காரர்கள் கவிழ்த்துப் பார்த்து அடியை அளந்தே வாங்குங்கள். சின்ன சாஸ்பானுக்கு வேறு தொல்லை, கேஸ் அடுப்பின் கம்பிகளுக்கு நடுவே அது சரிந்து விழும்.

கைப்பிடி ரிவெட் (தகட்டைத் துளைத்து இறுக்கும் ஆணி) அடித்ததாக இருக்கட்டும். உள்ளே ரிவெட் தலையைச் சுற்றி அழுக்கு சேரும் என்பார்கள், சேரும்தான், பழைய பல்துலக்கி ஒன்று போதும். அப்புறம், ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். காலியாக இருக்கும்போதே மணிக்கட்டு இழுத்தால் குழம்போடு எப்படித் தூக்குவது? 26 செ.மீ. கடாயை ஆசையாக எடுத்த என்னை அம்மா இந்த ஒரு கேள்வியில் மடக்கி 24-க்கு இறக்கினார்.

படி 5: முதல் வாரம்

முதல் நாள் உப்புமா. அடியில் ஒரு விரல் கனத்துக்கு ஒட்டிக்கொண்டது. "எவர்சில்வர்ல கிண்டினா அடிபிடிக்கும்டா, அப்பவே சொன்னேன்" என்றார் அம்மா. தப்பு பாத்திரத்தின் மேல் இல்லை. நான் பழைய பழக்கத்தில் குளிர்ந்த கடாயில் எண்ணெயை ஊற்றி, தீயை முழுசாக வைத்திருந்தேன்.

சரியான முறை: காலிக் கடாயை நடுத்தரத் தீயில் இரண்டு, மூன்று நிமிடம் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 'சுர்' என்று பரவி ஆவியானால் இன்னும் காயவில்லை. உடையாமல் பாதரசம் மாதிரி உருண்டு ஓடினால் காய்ந்துவிட்டது. பல வீடியோக்களில் இதோடு நிறுத்தி எண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள். நம் சமையலுக்கு அது ஒத்துவராது, அந்தச் சூட்டில் நல்லெண்ணெய் புகையும், கடுகு போட்ட கையோடு கருகும். நான் தீயைச் சிம்மில் வைத்து அரை நிமிடம் விட்டு, அப்புறம்தான் எண்ணெய் ஊற்றுகிறேன். உருளைக்கிழங்கை நறுக்கி, மாவு போகக் கழுவித் துடைத்துப் போடுங்கள், போட்டதும் கிளறாதீர்கள். ஒருபக்கம் சிவந்தால் தானாக விட்டுக்கொடுக்கும். அதற்கு முன் கிளறினால் பாதி உங்கள் தோசைத்திருப்பியில், பாதி கடாயில். உப்புமா முடிந்ததும் அடுப்பை அணைத்து மூடிப் பத்து நிமிடம் விட்டால், ஈரம் ஊறி அடியில் ஒட்டியது கிளம்பிவிடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த பலர் கேட்டது இரண்டு விஷயம். முதலாவது, உள்ளே வானவில் மாதிரி நிறமும் வெள்ளைத் திட்டும் வருகிறதே, பாத்திரம் கெட்டுவிட்டதா? இல்லை. நிறம் அதிகச் சூட்டால் வருவது, வெள்ளை போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு. எங்கள் தாம்பரம் பக்கத்துத் தண்ணீருக்கு வாரம் ஒருமுறை வரும். ஒரு ஸ்பூன் வினிகரோ எலுமிச்சை மூடியோ போதும்.

இரண்டாவது, உள்ளே அடியில் குண்டூசி குத்தினது போலப் புள்ளிகள். இது கேட்ட பிறகுதான் என் சாஸ்பானையும் வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்த்தேன், நான்கைந்து இருந்தன. ஆறின தண்ணீரில் கல் உப்பைப் போட்டு அப்படியே விட்டால் உப்பு அடியில் தங்கி ஸ்டீலை அரிக்கும். தேய்த்தாலும் போகாது, ஆனால் சமைக்கத் தடையில்லை. இப்போது தண்ணீர் கொதித்த பிறகுதான் உப்பு போட்டுக் கலக்குகிறேன்.

அப்புறம், விளிம்பில் பெயர் வெட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் கடாயில் வாங்கிய இரண்டாம் நாளே அம்மா வெட்டி வந்துவிட்டார், தேதியோடு.