இரண்டாவது கோர் எழும்ப மறுத்தபோது

திருநெல்வேலியில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் சின்னதாக ஒரு கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதி வருகிறார். சாதாரண மெய்நிகர் கணினியில் புரொசெசரின் நாலு கோரும் எழும்பும். வாடகைக்கு எடுத்த ஏஎம்டி சேர்வரில் மெய்நிகர் கணினியின் நினைவகத்தை மறைகுறியாக்கும் எஸ்இவி-எஸ்என்பி பாதுகாப்போடு ஓட்டினால் முதல் கோர் மட்டும்தான்.

வழமையாக, கோர்களை எழுப்பும் இனிட், சிபி (SIPI) சிக்னல் வந்ததும் மற்றக் கோர்கள் எங்கே தொடங்க வேண்டும் என்பதை, மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர்தான் ரெஜிஸ்டர்களில் (கோருக்குள் இருக்கும் சின்ன நினைவிடங்கள்) எழுதும். இங்கே அதை நம்பவே கூடாது. ரெஜிஸ்டர்களின் மதிப்புகள் மறைகுறியாக்கிய விஎம்எஸ்ஏ என்ற 4 கேபி நினைவகப் பக்கத்துக்குள் இருக்கின்றன. ஆகவே உள்ளே ஓடும் கேர்னலே அந்தப் பக்கத்தை நிரப்பி, ஆர்எம்பிஅட்ஜஸ்ட் கட்டளையால் விஎம்எஸ்ஏ என்று குறித்து, ஹைப்பர்வைசரோடு பேசப் பகிரும் பக்கமான ஜிஎச்சிபி வழியாக ‘இதை ஓட்டு’ என்று கேட்க வேண்டும்.

அதையெல்லாம் எழுதியும் கோர் அசையவில்லை. ஹைப்பர்வைசர் லொக்கில் ‘செல்லாத நிலை’ என்பதைத் தவிர ஒன்றுமில்லை. உள்ளே பார்க்க அதற்கு வழியில்லையே. சரி என்று இரண்டு பேரும் இருந்து பக்கத்தை வரிவரியாக வாசித்தோம். புரொசெசரின் சில வசதிகளை இயக்கும் எஃபர் (EFER) ரெஜிஸ்டர் பூச்சியம். நிஜக் கோர் தொடங்கும்போதும் அது பூச்சியம்தான், அதனால் கண்ணில் படாது. ஆனால் அதன் 12ஆவது பிட்டான எஸ்விஎம்இ 1 ஆக இருந்தால்தான், மெய்நிகர் கோரை ஓட்டும் விஎம்ரன் கட்டளை பக்கத்தை ஏற்கும். அதை 1 ஆக்கினோம்.

“அண்ணை, நாலும் வந்திட்டுது!”

இன்னொன்று: விஎம்எஸ்ஏ பக்கம் 2 எம்பி எல்லையில் விழக்கூடாது. 8 கேபி எல்லையில் தொடங்கும் 8 கேபி எடுத்து இரண்டாம் பாதியைப் பாவியுங்கள். லினக்ஸும் அப்படித்தான் செய்கிறது.