விமானம் பிடிக்க மலை இறங்குகிறவர்களுக்கு

குன்னூரிலிருந்து கோவை பீளமேடு விமான நிலையம் 70 கிலோமீட்டர் சொச்சம். 20 வருடமாக இந்தப் பாதையில் டாக்சி ஓட்டுகிறேன். முதல் தடவை விமானம் ஏறுகிறவர்கள் வண்டியில் உட்கார்ந்ததும், "அங்கே போய் என்னண்ணா செய்யணும்?" என்று கேட்பார்கள். அங்கே செய்யப் பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்பதில்தான் முக்கால்வாசி வேலை.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். காலை 10.30 விமானம் என்றால், நம் பெட்டியை வாங்கிக்கொள்ளும் கவுன்ட்டரை 9.30க்கு மூடிவிடுவார்கள். ஏறும் கேட்டை 25 நிமிடம் முன்பே, 10.05க்கு, அடைத்துவிடுவார்கள். அதனால் 8.30க்கு வாசலில் இறங்கியாக வேண்டும். பாதை நன்றாக இருந்தால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். நான் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்வேன். அப்படியானால் 5.30க்கு உங்கள் வீட்டு முன் வண்டி நிற்கும். அந்த நேரத்துக்கு முனகாத சவாரியை நான் பார்த்ததில்லை.

அந்த அரை மணி நேரம் எதற்கு? அடிவாரத்துக் கல்லாறு வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒரே ஒரு லாரி வளைவில் மூச்சு வாங்கி நின்றால் போதும். பலாப்பழக் காலத்தில் பர்லியாறு பக்கம் யானை சாலைக்கு வந்தால், அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டியதுதான். ஹாரன் அடிக்கச் சொல்லி என்னை நச்சரிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரியும், மரம் விழும். 2009 நவம்பர் மழையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் முந்தின இரவே பாதையை விசாரித்துவிட்டு, தேவைப்பட்டால் கோத்தகிரி வழியாக இறங்குங்கள். மே மாத சீசனில் போலீசாரே ஒருவழிப் பாதையாக்கி இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரிப் பக்கம் திருப்பிவிடுவதுண்டு. அதற்கு இன்னும் அரை மணி நேரம் சேருங்கள். மேட்டுப்பாளையம் தாண்டியதும் நான் துடியலூர் நெரிசலுக்குள் போக மாட்டேன். அன்னூர், கோவில்பாளையம், காளப்பட்டி என்று சுற்றிவிடுவேன். மழைக்காலத்தில் விடிகாலை விமானம் என்றால் முந்தின நாளே இறங்கி, கோவையில் சொந்தக்காரர் வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள். மலை ரயிலை நம்பி மட்டும் டிக்கெட் போடாதீர்கள்.

டிக்கெட் என்றதும் இனிஷியல் ஞாபகம் வருகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. ஹைதராபாத்தில் மகள் வீட்டுக்கு நான் போனபோது, டிக்கெட் போட்ட பையன் 'கடைசிப் பெயர்' கட்டத்தில் என் ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டான். வாசல் காவலர் ஆதாரையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனையோ பேரை அந்த வாசலில் இறக்கிவிட்டிருக்கிறேன். அன்று நானே வெளியே நின்றேன். கவுன்ட்டரில் பேசித் திருத்தி உள்ளே போவதற்குள் வியர்த்துவிட்டது. இனிஷியலுக்குரிய அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போடுங்கள், எழுத்துகள் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். தப்பு இருந்தால் டிக்கெட் கைக்கு வந்த அன்றே சொல்லித் திருத்திவிடுங்கள்.

பெட்டி விஷயம். பொதுவாகக் கைப்பைக்கு 7 கிலோ, கவுன்ட்டரில் கொடுத்து உள்ளே போடும் பெட்டிக்கு 15 கிலோ. டிக்கெட்டில் எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரைப் பெட்டியில் திணிக்காமல் போட்டுக்கொண்டே வாருங்கள், எடை மிச்சம். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், உள்ளே போடும் பெட்டியில் கூடாது. ஊறுகாய் நேர் எதிர்: அது பெட்டியில்தான் போக வேண்டும். கொப்பரை எதிலுமே கூடாது, எண்ணெய் சத்தால் தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். நம் தைலமும் நிறையக் கொண்டுபோனால் அப்படித்தான். ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து, வந்த ஓர் அம்மா மும்பை மகனுக்காக ஒரு லிட்டர் யூகலிப்டஸ் தைலம் கொண்டுவந்திருந்தார். சோதனையில் நிறுத்திவிட்டார்கள். திரும்ப என் வண்டிக்கே வந்து, "நீயே வெச்சுக்கப்பா" என்று கொடுத்துவிட்டுப் போனார். அந்த வருடம் எங்கள் வீட்டில் யாருக்கும் சளியே தங்கவில்லை. சொந்த உபயோகத்துக்கு ஒரு சின்னப் பாட்டில் போதும். மகனுக்கு டீத்தூளும் ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும் கொண்டுபோங்கள். வர்க்கி மட்டும் கைப்பையில் மேலாக இருக்கட்டும், பெட்டியில் போட்டால் தூளாகத்தான் போய்ச் சேரும்.

காது அடைப்புக்குப் பயப்படாதீர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தத்தைச் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குக் குறையாமல் வைத்திருப்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர். ஆக, மேலே போவது நமக்குப் பழகின உயரம்தான். கல்லாறு இறங்கும்போது அடைக்கிற அதே காதுதான் விமானம் இறங்கும்போதும் அடைக்கும். எச்சில் விழுங்குங்கள், மிட்டாய் சப்புங்கள், குழந்தைக்குப் பால் கொடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் டெல்லிப் பக்கம் பனிமூட்டத்தால் தாமதமாகும். சென்னை, பெங்களூர் மாதிரி சின்னப் பயணத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் விமான நிறுவனம் சாப்பிட ஏதாவது தர வேண்டும் என்பது விதி. கூச்சப்படாமல் கேளுங்கள்.

திரும்பி வரும்போது ஒன்று. கீழே மூடிய ஷாம்பு பாட்டில் விமானத்திலும் மலையிலும் உப்பிக் கசியும். பிளாஸ்டிக் உறையில் சுற்றிவிடுங்கள். ஸ்வெட்டர் வைத்த பையை டிக்கியில் போட்டுவிடாதீர்கள். கல்லாறு வரை வேர்த்துக்கொண்டு வருகிறவர்கள் பர்லியாறு தாண்டியதும், "அண்ணா, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்பார்கள். அங்கே வளைவில் நிறுத்த இடம் கிடையாது.