பனோரமா செயலிகள்: தப்பு செயலியிலா, கையிலா?

மும்பையில், நீண்ட காட்சியை ஒரே படமாக்கும் பனோரமா செயலியைச் சோதித்துப் பார்க்க எல்லோரும் போய் நிற்கும் இடம் மரைன் டிரைவ். இடது கைப்பக்கம் நாரிமன் பாயின்ட் கட்டடங்கள், வலது கைப்பக்கம் மலபார் ஹில், எதிரே கடல். ஒரு செயலியில் ஒரு படம், இன்னொன்றில் ஒரு படம் எடுத்து, ஃபோன் திரையிலேயே புரட்டிப் பார்த்து, "இது பிரமாதம், அது குப்பை" என்று தீர்ப்பு எழுதி, மாட்டுங்கா, செம்பூர் குரூப் எல்லாவற்றுக்கும் அனுப்பியாகிவிடும். அந்தத் தீர்ப்பில் பெரும்பகுதிக்கும் செயலிக்கும் சம்பந்தமே இருக்காது.

முதல் தவறு, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதிலேயே. பனோரமா செயலி என்ற ஒரே பெயரில் மூன்று விதமான சரக்கு விற்கிறது. ஒன்று, ஃபோன் கேமராவிலேயே இருப்பது. ஃபோனை மெல்லத் திருப்பத் திருப்ப, மெல்லிய கீற்றுகளாக எடுத்து அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டே போகும். ஐஃபோனில் 2012-ல் ஐஓஎஸ் 6-ஓடு வந்தது. இரண்டாவது, நாம் தனித்தனியாக எடுத்த படங்களை வாங்கிக்கொண்டு ஒன்றாகத் தைத்துத் தருவது. ஆண்ட்ராய்டில் பிமோஸ்டிச், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஹூகின் எல்லாம் இந்த ரகம். மூன்றாவது, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சேர்த்துச் சுற்றிவர எடுக்கும் 360 பாகைப் படம். 2012-ல் ஆண்ட்ராய்டு 4.2-ல் கூகுள் கொண்டுவந்த ஃபோட்டோ ஸ்பியர் இப்படிப்பட்டது. நடந்துகொண்டே பத்து விநாடியில் எடுக்க வேண்டியவருக்கு முதல் ரகம் போதும். சுவரில் மாட்டப் பெரிதாக அச்சடிக்கப் போகிறவர் இரண்டாவதுக்குத்தான் போக வேண்டும். இவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டு மதிப்பெண் போடுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒரே ரகத்துக்குள் ஒப்பிடும்போதும் படம் ஒன்றாக இருக்க வேண்டும். தைக்கும் செயலிகளுக்கு இது சுலபம்: ஒரே ஒரு தடவை ஏழெட்டுப் படம் எடுத்து, அதே படங்களை எல்லாச் செயலிகளுக்கும் கொடுங்கள். காலையில் எடுத்ததை ஒன்றுக்கும் சாயங்காலம் எடுத்ததை இன்னொன்றுக்கும் கொடுத்தால் நீங்கள் ஒப்பிடுவது வெயிலைத்தான். கேமராவோடு வரும் ரகத்தில் அப்படிச் செய்ய முடியாது. அதனால் ஒரே இடத்தில் நின்று, ஒவ்வொன்றிலும் மூன்று தடவையாவது எடுத்து, மூன்றில் மோசமானதை வைத்து ஒப்பிடுங்கள். நல்லதை வைத்து ஒப்பிட்டால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். தினமும் நம்மைப் படுத்துவது மோசமானதுதான்.

இனி, செயலியின் மேல் அநியாயமாக விழும் பழிகளில் பெரியது. கையை நீட்டி ஃபோனைப் பிடித்துக்கொண்டு, உடம்போடு சேர்ந்து சுற்றுகிறோம் இல்லையா? அப்போது லென்ஸ் இருந்த இடத்திலேயே திரும்புவதில்லை. அரை மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுகிறது. 90 பாகை திரும்புவதற்குள் லென்ஸ் போன வழி மட்டும் ஏறத்தாழ 78 சென்டிமீட்டர். அக்கரையில் இருக்கும் கட்டடத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஒரு மீட்டர் முன்னால் இருக்கும் கடற்சுவருக்கு இது பெரிய நகர்வு. கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து மாற்றி மாற்றிப் பாருங்கள். விரல் தாவும், பின்னால் இருக்கும் சுவர் தாவாது. லென்ஸுக்கும் இதேதான் நடக்கிறது. எந்த மென்பொருளாலும் பக்கத்தையும் தூரத்தையும் ஒருசேரப் பொருத்த முடியாது. ஒன்றைப் பொருத்தினால் மற்றது பிசகும்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கி ஒரு முறை ஓட்டிப் பார்த்தாலே தெரியும். மேலே மலபார் ஹில் மாடிகள் வரிசை கலையாமல் நிற்கும். கீழே கடற்சுவரின் மேல்விளிம்பு ஓரிடத்தில் இரண்டு அங்குலம் இறங்கித் தொடரும். அலைக்குத் தடுப்பாகப் போட்டிருக்கும் டெட்ராபாடுக்கு நாலு கால்தான், படத்தில் ஒன்றுக்கு ஐந்து முளைத்திருக்கும். இதைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டார் போடுவது நியாயமில்லை.

இதற்கு வழி, ஃபோனை மார்புக்குப் பக்கத்தில் வைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, ஃபோன் நின்ற இடத்தில் நிற்க, நாம் அதைச் சுற்றிச் சிறு அடிகளாகக் கால் மாற்றுவது. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் ஒரு நூலில் சாவியைக் கட்டி லென்ஸுக்கு நேர் கீழே தொங்கவிடுங்கள். நடைபாதைக் கற்கள் சேரும் ஒரு மூலையைக் குறித்துக்கொண்டு, சாவி அந்த மூலைக்கு மேலேயே இருக்கும்படி ஃபோனைத் திருப்புங்கள். போகிற வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்றால் பக்கத்தில் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள், அது போதும்.

அடுத்தது வெளிச்சம். மரைன் டிரைவ் மேற்கு பார்த்தது. அந்தியில் நடுவில் சூரியன், இரண்டு பக்கமும் மங்கல். ஆரம்பித்த இடத்தின் வெளிச்சத்தையே கடைசிவரை வைத்துக்கொள்ளும் ஃபோனில், இருட்டான பக்கத்தில் ஆரம்பித்தால் சூரியன் இருக்கும் இடம் வெள்ளைத் திட்டாகிவிடும். சூரியனில் ஆரம்பித்தால் கட்டடங்கள் கரிக்கட்டை. தனித்தனியாக எடுக்கும்போது ஃபோன் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானாக மாற்றும், அதனால் தைத்த பிறகு வானத்தில் நீலம் பட்டை பட்டையாகத் தெரியும். ஒப்பிடுவதற்கு முன் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்ச அளவை, பூட்டுங்கள். ஐஃபோனில் நடுத்தர வெளிச்சம் உள்ள இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஏஇ/ஏஎஃப் லாக் என்று வரும். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் இதே வேலைதான். பூட்டியும் பட்டை விழுந்தால், அது செயலி இரண்டு படங்களைக் கலக்கும் விதத்தில் உள்ள குறை, அப்போது தாராளமாகத் திட்டலாம்.

கடலால் இன்னொரு சங்கடமும் உண்டு. தைக்கும் செயலிகள் இரண்டு படங்களிலும் பொதுவாக இருக்கும் புள்ளிகளைத் தேடிப்பிடித்துப் பொருத்துகின்றன: ஜன்னல் மூலை, மரக்கிளை, விளம்பரப் பலகை எழுத்து. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ பிரவுனும் டேவிட் லோவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, வரிசை கூடச் சொல்லாமல் கொட்டிய படங்களிலிருந்து கணினியே பனோரமாவை அடையாளம் கண்டு தைக்கலாம் என்று காட்டியது. ஆட்டோஸ்டிச் மென்பொருள் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் வெறும் தண்ணீரும் வெறும் வானமும் உள்ள படத்தில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? இருக்கும் அலையும் அடுத்த படத்துக்குள் இடம் மாறிவிடும். 'இணைக்க முடியவில்லை' என்று செயலி கையை விரித்தால் அதன் தப்பில்லை. ஒவ்வொரு படத்திலும் கரையோ கட்டடமோ கொஞ்சமாவது வரட்டும். ஒரு படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் இருக்கட்டும். ஃபோனோடு வரும் பனோரமா, ஃபோன் எவ்வளவு திரும்பியது என்பதை கைரோஸ்கோப்பிலிருந்தும் தெரிந்துகொள்வதால் கடலில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கடல் படத்தில் அது ஜெயித்தது என்பதற்காக ஊர் முழுக்க ஜெயிக்கும் என்று நினைக்க வேண்டாம்.

ஓடுகிற வண்டிகளும் அப்படித்தான். நீங்கள் இடமிருந்து வலம் திருப்பும்போது கறுப்பு-மஞ்சள் காலி பீலி டாக்ஸி ஒன்றும் இடமிருந்து வலம் போனால், அடுத்தடுத்த கீற்றுகளில் அது திரும்பத் திரும்ப விழுந்து லிமோசின் நீளத்துக்கு இழுபடும். எதிர்த்திசையில் வந்தால் நசுங்கிப் பாதியாகும். தைக்கும் ரகத்தில் டாக்ஸி இழுபடாது, ஆனால் இரண்டு இடத்தில் வரும், அல்லது பின்பாதி மட்டும் காற்றில் தொங்கும். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் செயலி தையல் கோட்டை ஆளின் குறுக்கே போடுகிறதா, ஆளைச் சுற்றிப் போடுகிறதா என்று பாருங்கள். இரண்டு தைக்கும் செயலிகளுக்கு இடையே உண்மையான வித்தியாசம் தெரிவது இந்த இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம்.

சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே நின்று எடுத்துவிட்டு, "கட்டடம் வயிறு உப்பின மாதிரி வளைஞ்சிருக்கு" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது குறை இல்லை. சுற்றிலும் உள்ள காட்சியை ஒரு உருளையின் உட்புறத்தில் பதித்து, அதைப் பிரித்துத் தட்டையாக்கினால் நேர்கோடு வளையத்தான் செய்யும். நமக்கு நேரே இருப்பது பெரிதாகவும் ஓரங்கள் சிறிதாகவும் தெரியும். ஹூகினில் இந்தப் பதிக்கும் முறையை மாற்றிக்கொள்ளலாம். கோடுகளை நேராகவே வைக்கும் முறையைத் தேர்ந்தால் கட்டடம் நிமிரும், ஆனால் 120 பாகைக்கு மேல் போனால் ஓரங்கள் கன்னாபின்னாவென்று இழுபடும். இந்த வசதி செயலியில் இருக்கிறதா என்பது ஒப்பிட வேண்டிய விஷயம். கட்டடம் வளைந்ததா என்பது அல்ல. வாடகைக்கு விட ஒன் பிஹெச்கே ஹாலைப் படம் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பனோரமா வேண்டாம், ஃபோனில் அகலமாகப் பிடிக்கும் 0.5 லென்ஸ் இருந்தால் அதில் ஒரே படமாக எடுங்கள். அவ்வளவு சின்ன அறையில் எல்லாமே பக்கத்துப் பொருள்தான்.

ஃபோனைப் படுக்கவைத்துப் பிடிப்பது சின்னத் தவறு, ஆனால் விலை அதிகம். 4000-க்கு 3000 பிக்சல் எடுக்கும் கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் படத்தின் உயரம் 4000, படுக்கவைத்தால் 3000. அகலத்தைத்தான் திருப்பித் திருப்பி எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாமே. அப்புறம் மழைக்காலத்தில் கடலோரத்தில் லென்ஸைத் துடைக்காமல் எடுத்துவிட்டு 'தெளிவு இல்லை' என்று எழுதுவதைப் பற்றி என்ன சொல்ல! உப்புச்சாரல் ஐந்து நிமிடத்தில் படிந்துவிடும்.

மெகாபிக்சல் எண்ணிக்கையை நம்பியும் ஏமாற வேண்டாம். 16,000-க்கு 4,000 என்றால் 6.4 கோடி பிக்சல். 1080 பிக்சல் அகலத் திரையில் முழுப் படத்தையும் பார்த்தால் உங்கள் கண்ணுக்கு வருவது 1080-க்கு 270. அதில் எந்தத் தையல் பிசகும் தெரியாது. முழு அளவுக்குப் பெரிதாக்கி ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். இலவசப் பதிப்பு அளவைக் குறைத்துச் சேமிக்கிறதா, மூலையில் முத்திரை குத்துகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

செயலியை நிறுவும் முன் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். பழைய பட்டியல்களில் இன்னும் மைக்ரோசாஃப்டின் ஃபோட்டோசிந்த் இருக்கிறது. அந்தச் சேவை 2017-ல் மூடப்பட்டு, அதன் தளத்தில் மட்டுமே இருந்த படங்களும் போயின. கூகுளின் ஸ்ட்ரீட் வியூ செயலியும் 2023-ல் நிறுத்தப்பட்டது. எடுத்த படம் கேலரியில் சாதாரண ஜேபெக் ஃபைலாக வந்து விழுகிறதா, அல்லது அவர்கள் சர்வரில் மட்டும் உட்கார்ந்திருக்கிறதா என்று முதல் படத்திலேயே சோதித்துக்கொள்ளுங்கள். பனோரமா எடுக்கும் செயலிக்குத் தொடர்பு எண்கள் எதற்கு? கேட்டால் மறுத்துவிடுங்கள்.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்து இரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்தாயிற்று, நண்பரிடம் கருத்து கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீண்ட பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். 16,000 அகலப் படம் 1600-க்கு 400 ஆகி, இரண்டு செயலிகளும் ஒரே மாதிரி மங்கலாகப் போய்ச் சேரும். ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது எடுத்த இடத்தின் விவரமும் ஃபைலோடு போகும் என்பதால், வீட்டு பால்கனியிலிருந்து எடுத்த படமாக இருந்தால் இடத்தை நீக்கிவிட்டு அனுப்புவது நல்லது.